வார்ஸா: மாளிகையும் மண்மேடும்



ஒரு நகரத்தின் வயதை அதன் வீடுகளைப் பார்த்து அறிந்துகொள்ளலாம் என்பது நம்முடைய பொதுவான நம்பிக்கை. போலந்து நாட்டின் தலைநகரான வார்ஸாவில் இந்த நம்பிக்கை பலிப்பதில்லை. அங்குள்ள பழைய நகரச் சதுக்கத்தில் நின்று, வண்ணம் பூசிய ஒடுங்கிய மாடிவீடுகளைப் பார்ப்பவர், அவை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை என்றே மதிப்பிடுவார். உண்மையில் அவ்வீடுகள் 1953-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டவை. நம்மில் பலருடைய தாத்தா பாட்டியைக் காட்டிலும் இளையவை. அவற்றை எழுப்பியது ஒரு பொதுவுடைமை அரசு. அதே அரசுதான் அதே ஆண்டுகளில், அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில், வானளாவிய மாளிகை ஒன்று எழ இடம் ஒதுக்கிற்று. தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டிற்று. இடிபாடுகளின்மேல் ஒரு முழுப் பேட்டையையும் அமைத்தது.

அந்த ஆட்சி 1989-இல் முடிந்துவிட்டது. கட்டடங்கள் நிற்கின்றன. ஆட்சி போன பின்பு அது விட்டுச் சென்ற கட்டடங்களை என்ன செய்வது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று உங்களை வார்ஸாவில் ஒரு சுற்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அரை நாளில் நடந்து முடிக்கக்கூடிய சுற்று அது.

புறப்படுமுன் சரித்திரத்தைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1939-இல் வார்ஸாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 13 லட்சம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். அந்த ஆண்டு செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்தின்மேல் பாய்ந்தது. 1940-இல் யூதர்கள் மதில் எழுப்பிய ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். 'கெட்டோ' என்பது அதன் பெயர். 1942-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் அங்கிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரயிலில் ஏற்றப்பட்டு, திரெப்லிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்கள் 1943 ஏப்ரலில் ஆயுதம் ஏந்தினர். அந்தக் கிளர்ச்சியை அடக்கிய பின் ஜெர்மானியர் கெட்டோவைத் தரைமட்டமாக்கினர். 1944 ஆகஸ்ட் முதல் தேதி நகரம் முழுவதும் கிளர்ந்தெழுந்து 63 நாட்கள் போரிட்டது. செப்டம்பர் நடுவில் ஸோவியத் படை விஸ்துலா நதியின் கீழைக் கரையை அடைந்துவிட்டது. ஆயினும் மேலைக் கரையில் கிளர்ச்சி தோற்றது. அதன்பின் ஜெர்மானியர் குடிமக்களை வெளியேற்றிவிட்டு, தெருத் தெருவாக, வீடு வீடாக, வெடிவைத்தும் தீவைத்தும் நகரை அழித்தனர். 1945 ஜனவரி 17-இல் ஸோவியத் படையும் போலந்துப் படையும் உள்ளே நுழைந்தபோது, மேலைக் கரையிலிருந்த கட்டடங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அழிந்து கிடந்தன. தலைநகரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாமா என்ற யோசனையும் எழுந்தது. மாற்றுவதில்லை என்று புதிய அரசு தீர்மானித்தது.

இனி நம் நடையைத் தொடங்குவோம். தொடங்குமிடம் அரண்மனைச் சதுக்கம். நடுவே உயர்ந்த தூண்மேல், கையில் சிலுவையும் வாளும் ஏந்தி மூன்றாம் ஸிகிஸ்மண்ட் மன்னர் நிற்கிறார். அரசவையைக் கிராக்கோ நகரிலிருந்து இங்கே கொணர்ந்தவர் அவரே. 1644-இல் நாட்டிய அத்தூணை 1944-இல் ஜெர்மானியர் வீழ்த்தினர். 1949-இல் புதிய தூண்மேல் மன்னர் மறுபடியும் ஏறினார். பழைய தூணின் துண்டுகளை அரண்மனையின் பக்கத்திலேயே கிடத்தி வைத்திருக்கிறார்கள். சதுக்கத்தின் அடியில் ஒரு சுரங்கப்பாதை ஓடுகிறது. நகரின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் அந்தப் பாதையை 1949 ஜூலை 22-இல் திறந்தபோது, கீழிருந்து மேலே வருவதற்குப் போலந்தின் முதல் நகரும் படிக்கட்டையும் அமைத்தார்கள். மேலே மன்னர், கீழே மின்சாரப் படிக்கட்டு. பழமையையும் நாங்கள் காப்போம், புதுமையையும் நாங்களே கொணர்வோம் என்று அரசு சொல்ல விரும்பியதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அந்தத் தேதியை நேயர்கள் சற்றே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். 1944 ஜூலை 22-இல்தான் ஸோவியத் ஆதரவு பெற்ற பொதுவுடைமையாளர்கள் தங்கள் ஆட்சிப் பிரகடனத்தை வெளியிட்டனர். பிறகு அதுவே தேசியத் திருநாளாயிற்று. ஆகவே இனி நாம் காணப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் ஆண்டின் ஜூலை 22-ஐ ஒட்டியே திறக்கப்பட்டவை. கொத்தனார்கள் நாட்காட்டியோடு போட்டியிட்டு வேலை செய்த காலம் அது.

சதுக்கத்தை அடுத்துப் பழைய நகரம். அழிந்துபோன வீட்டை அச்சுக்கு அச்சாக எழுப்புவது எப்படி? போருக்கு முன்பும், ஜெர்மானியர் ஆண்ட நாட்களில் மறைவாகவும், கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வீடுகளை அளந்து வரைபடங்கள் தயாரித்திருந்தார்கள்; அவற்றை அழிவிலிருந்து மறைத்துக் காத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ என்னும் வெனிஸ் நகர ஓவியர் அரசருக்காகத் தீட்டிய வார்ஸாக் காட்சிகளும் துணை செய்தன. யான் ஸாஹ்வாடோவிச் என்னும் பேராசிரியர் இப்பணிக்குத் தலைமை தாங்கினார். இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய செங்கல் போதாமல், பிராட்ஸ்வாஃப் போன்ற ஊர்களிலிருந்தும் செங்கல் வந்தது. ஓர் ஊரின் பழமையை மீட்க மற்றோர் ஊரின் பழமை கரைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

எழுந்ததும் முழுமையான பழமையன்று. முகப்பு பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக்கு உரியது. உள்ளே இருபதாம் நூற்றாண்டின் குளியலறையும் குழாய்த் தண்ணீரும். பிற்காலத்தில் வீடுகளின் பின்னால் நெருக்கமாகக் கட்டப்பட்டவற்றை விட்டுவிட்டு, முற்றங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் தந்தார்கள். 1980-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பழமைக்காக மட்டும் தந்த சிறப்பன்று அது; அழிந்ததை மீட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் உறுதிக்குத் தந்த சிறப்பு. ஆனால் அருகிலிருக்கும் மன்னரின் அரண்மனையை மட்டும் அரசு நெடுங்காலம் தொடவில்லை. 1971-இல்தான் அதனைக் கட்டத் தீர்மானம் பிறந்தது. மக்கள் நன்கொடை வழங்கினர். 1984-இல் அரண்மனை பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது.

இங்கிருந்து தெற்கே, அரசர்கள் பவனி வந்த வீதி செல்கிறது. வழியில் வார்ஸாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்திய மொழிகளைப் பயிற்றுவிக்கும் அதன் துறையில் நம் தமிழும் ஒரு பாடம் என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். வீதியின் கோடியில், பெருஞ்சாலை குறுக்கிடும் மூலையில், வெண்ணிறமான ஒரு கனத்த கட்டடம் நிற்கிறது. அதுதான் ஆளுங்கட்சியின் தலைமையகமாக விளங்கிய கட்சி மாளிகை. பொதுமக்களிடம் 'செங்கல் நிதி' திரட்டி அதனைக் கட்டினார்கள். நாற்பது ஆண்டுகள் நாட்டின் பெரிய தீர்மானங்களெல்லாம் அங்கே எழுதப்பட்டன. 1990 ஜனவரியில் கட்சி கலைந்தது. 1991 ஏப்ரல் 16-ஆம் நாள் அதே மாளிகையில் வார்ஸாப் பங்குச் சந்தை தன் முதல் வியாபாரத்தை ஐந்து கம்பெனிகளின் பங்குகளோடு தொடங்கிற்று. 2000-ஆம் ஆண்டுவரை அங்கேயே நடந்தது. கட்சித் தலைவர்கள் முதலாளித்துவத்தைக் கண்டித்துப் பேசிய கட்டடத்தில் தரகர்கள் பங்கு வியாபாரம் செய்தார்கள். கதாசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால், மிகையென்று நாம் சொல்லியிருப்போம்.

மேலும் தெற்கே சென்றால் அரசியலமைப்புச் சதுக்கம். 1952 ஜூலை 22-இல், புதிய அரசியலமைப்பு நிறைவேறிய அதே நாளில், இது திறக்கப்பட்டது. சுற்றிலும் அரண்மனைகளைப் போன்ற குடியிருப்புகள், கீழே கடைகள், நடுவே ஆளுயரத்தைப் பன்மடங்கு விஞ்சிய மூன்று விளக்குத் தூண்கள். சுவர்களில் சுரங்கத் தொழிலாளி, உருக்காலைத் தொழிலாளி, குழந்தையோடு நிற்கும் தாய் முதலியோரின் கற்சிற்பங்கள். நம் கோபுரங்களில் தேவர்கள் நிற்கும் இடத்தில் இங்கே உழைப்பாளிகள் நிற்கிறார்கள் எனலாம். 'வடிவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோஷலிசம்' என்பது அந்நாளைய கட்டடக் கலைக்கு ஸ்டாலின் காலம் விதித்த சூத்திரம். நகரின் புறத்தே ஒதுங்கியிருந்த தொழிலாளியை நகரின் நடுவே, உயர்ந்த கூரையின்கீழ்க் குடியேற்றுவோம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. அந்த வாக்குறுதியை வெறும் வேஷம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் இடிபாட்டின் நிலவறையில் குளிர்காலத்தைக் கழித்த ஒரு குடும்பத்துக்குச் சுடுநீர் வரும் வீடு கிடைத்த நாளை நாம் வேஷம் என்று சொல்லிவிட முடியாது.

வாக்குறுதிக்கு ஒரு விலையும் இருந்தது. 1945 அக்டோபர் 26-இல் பிறந்த ஒரு சட்டம் வார்ஸா நகரின் நிலம் முழுவதையும் பொதுவுடைமை ஆக்கிற்று. அந்தச் சட்டம் இல்லாவிடில் இத்துணைப் பெரிய புனர்நிர்மாணம் நடந்திராது என்பர் பலர். ஆனால் 1989-க்குப் பின் பழைய உரிமையாளரின் வாரிசுகள் நிலத்தைக் கேட்டு வந்தார்கள்; அவர்களிடமிருந்து உரிமைகளை மலிவாக வாங்கிய வியாபாரிகளும் வந்தார்கள். தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் சிலர் வீட்டை இழந்தனர். முறைகேடுகளை விசாரிக்க 2017-இல் தனி ஆணையம் அமைக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. சிற்பத்தில் நிற்கும் தொழிலாளி நிலைத்திருக்கிறார். வீட்டில் இருந்த தொழிலாளி நிலைக்கவில்லை.

இனி மார்ஷல்கோவ்ஸ்கா என்னும் பெருந்தெரு வழியே வடக்கே திரும்புவோம். எங்கே நின்றாலும் கண்ணில் படும் ஒரு கோபுரம் நம்மை எதிர்கொள்கிறது. பண்பாடு, அறிவியல் மாளிகை என்பது அதன் பெயர். போலந்து மக்களுக்கு ஸோவியத் மக்கள் அளித்த பரிசு என்று 1952-இல் தொடங்கி 1955 ஜூலையில் கட்டி முடித்தார்கள். மாஸ்கோப் பல்கலைக்கழகக் கோபுரத்தை அமைத்த லெவ் ருத்னெவ்தான் இதன் சிற்பி. 4 கோடிச் செங்கற்கள், 3,288 அறைகள், உச்சிக் கம்பத்தோடு 237 மீட்டர் உயரம். ருத்னெவ் போலந்தின் பழைய ஊர்களுக்குச் சென்று பார்த்து, அங்குள்ள மாளிகைகளின் கைப்பிடிச் சுவர் வடிவங்களை இதன் விளிம்புகளில் பதித்தார். மாஸ்கோவின் உடல், போலந்தின் முடி. அந்த ஆண்டு ஜூன் மாதம், மாளிகை திறக்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, நம் பிரதமர் நேரு வார்ஸாவுக்கு வருகை புரிந்திருந்தார்.

பரிசு பெற்றவர்கள் மகிழ்ந்தார்களா? நதியின் அக்கரையில் படை நின்றிருக்க, இக்கரையில் தம் நகரம் எரிந்ததைக் கண்டவர்கள் அவர்கள். மாளிகைக்காகவும் அதன் முன்னுள்ள அணிவகுப்புத் திடலுக்காகவும், போரில் தப்பி நின்ற வீடுகள்கூட இடிக்கப்பட்டன. 'வார்ஸாவின் மிக அழகிய காட்சி மாளிகையின் உச்சியிலிருந்துதான் தெரியும்; அங்கே நின்றால் மட்டுமே மாளிகை கண்ணில் படாது' என்று ஊரார் கேலி பேசினர்.

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குச் சென்றாலும் முதலில் சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பார்கள். மாளிகையின் வெளிச்சுவர் மாடங்களில் உள்ள சிலைகளில் ஒன்று, கையில் ஒரு நூலை ஏந்தி நிற்கிறது. நூலின்மேல் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் என்று மூன்று பெயர்கள். அவற்றின்கீழ் வெற்றிடம். அங்கே நான்காவதாக இருந்தது ஸ்டாலினின் பெயர். மாளிகையே முதலில் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 1956-இல் மாஸ்கோவிலேயே ஸ்டாலினின் குற்றங்கள் அம்பலமான பின், மாளிகையின் பெயரிலிருந்து அவர் நீங்கினார், கல்லிலிருந்தும் நீங்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 24-இல் இதே திடலில் லட்சக்கணக்கான மக்கள் கூடி, புதிய தலைவரான கோமுல்காவின் பேச்சைக் கேட்டனர். சுதந்திரம் சிறிது பெருகும் என்று அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையும் நெடுநாள் நீடிக்கவில்லை.

ஆனால் மாளிகையின் உள்ளே வேறொரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. அங்கே நாடகசாலைகள் இருந்தன. நீச்சல் குளம் இருந்தது. சிறுவர்களுக்குப் பாட்டும் ஓவியமும் கற்பித்தார்கள். கட்சி மாநாடுகளுக்கென்று கட்டிய மண்டபத்தில் 1967-இல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்னும் ஆங்கில இசைக்குழு பாடிற்று. 1987-இல் போலந்தில் பிறந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் மாளிகையின் முன்னுள்ள திடலில் வழிபாடு நடத்தினார். ஆட்சி மாறியபின் இதனை இடித்துவிட வேண்டும் என்ற குரல் பலமுறை எழுந்தது. அமைச்சராயிருந்தவர்களே அவ்வாறு பேசினர். எனினும் 2007-இல் மாளிகை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அதைச் சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. 2022-இல் முடிந்த வார்ஸோ கோபுரம் 310 மீட்டர் உயரத்தில் இதனைத் தாண்டிவிட்டது. ஒரு பகுதியினர் வெறுத்த பரிசு, அடுத்த தலைமுறைக்கு நீச்சல் கற்ற இடமாகவும், முதல் நாடகம் பார்த்த இடமாகவும் ஆயிற்று.

மேலும் வடக்கே நடந்தால் வங்கிச் சதுக்கம். ஸோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய போலந்துக்காரரான ஜெர்ஜின்ஸ்கியின் சிலை இங்கே நின்றது. 1989 நவம்பர் 17-இல் மக்கள் ஆரவாரம் செய்ய, அதனைப் பெயர்த்து அகற்றினார்கள். சிலையை அகற்றுவதில் பெரிய சங்கடம் எதுவுமில்லை. அதில் யாரும் குடியிருப்பதில்லை. அதற்கு அப்பால்தான் நம் சுற்றின் கடைசிப் பகுதி, கட்டடமே கல்லறையாகவும் வீடாகவும் இருக்கும் பகுதி, வருகிறது. அதன் பெயர் முரானூஃப்.

இங்கேதான் கெட்டோ இருந்தது. போர் முடிந்தபோது இவ்விடம் செங்கல் தூளும் உடைந்த சுவருமாக, பல அடி உயரத்துக்கு மேடிட்டுக் கிடந்தது. அள்ளி முடிக்க இயலாத குவியல். அடியில் எத்தனை பேருடைய உடல்கள் என்று எவரும் கணக்கிட இயலாத குவியல். போடான் லாஹெர்ட் என்னும் கட்டடக் கலைஞர் ஒரு வழி சொன்னார்: இடிபாட்டை அகற்ற வேண்டாம், அதையே அரைத்துக் கான்கிரீட் கட்டிகளாக்குவோம், அந்த மேட்டின்மேலேயே வீடுகளை எழுப்புவோம், சுவருக்குப் பூச்சும் வேண்டாம், செங்கல் தூளின் நிறமே நடந்ததைச் சொல்லட்டும். அவ்விதமே வேலை தொடங்கிற்று. ஆனால் நிறமற்ற சுவர்கள் மகிழ்ச்சியான எதிர்காலத்துக்குப் பொருந்தவில்லை என்று கருதப்பட்டது. சுவர்களுக்கு வெள்ளைப் பூச்சும் அலங்காரமும் வந்தன. கல் சொல்ல வந்ததைப் பூச்சு மறைத்தது.

ஆயினும் மண் மறைக்கவில்லை. கெட்டோவுக்குள் அடைபட்டிருந்த நாட்களில் இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் என்னும் வரலாற்றாசிரியர் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, அங்கு நடந்தவற்றையெல்லாம் ரகசியமாகப் பதிந்து வைத்தார். நாட்குறிப்புகள், கடிதங்கள், ரேஷன் சீட்டுகள், குழந்தைகள் எழுதிய பள்ளிக் கட்டுரைகள், சுவரொட்டிகள் என்று யிட்டிஷ், போலிஷ், ஹீப்ரு மொழிகளில் ஆயிரக்கணக்கான தாள்கள். அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தனர். அப்பணியில் ஈடுபட்டவர்களில் மூவர் மட்டுமே உயிர் பிழைத்தனர். ரிங்கல்ப்ளூமும் கொல்லப்பட்டார். பிழைத்தவர்கள் காட்டிய இடத்தில் 1946-இல் பெட்டிகள் கிடைத்தன. 1950 டிசம்பரில் முரானூஃபின் புதிய வீடுகளுக்காக மண்ணைத் தோண்டிய தொழிலாளர்களின் கையில் இரண்டு பால் கேன்கள் அகப்பட்டன. மூன்றாம் பகுதி இன்றளவும் கிடைக்கவில்லை. கிடைத்தவை, இதோ இந்த வங்கிச் சதுக்கத்தின் அருகிலேயே உள்ள யூத வரலாற்று நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வாழ்நாளெல்லாம் ஆவணங்களோடு பழகும் எனக்கு, உலகத்தில் இவற்றைக் காட்டிலும் கனமான காகிதம் இருப்பதாகத் தோன்றவில்லை.

முரானூஃபில் 1948-இலேயே கெட்டோ வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. 1970 டிசம்பரில் ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட் அதன்முன் மண்டியிட்டார். 1944-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கோ, அதனை நடத்தியவர்கள் பொதுவுடைமையாளர்கள் அல்லர் என்ற காரணத்தால், 1989 ஆகஸ்ட் முதல் தேதிவரை பெருஞ்சின்னம் எழவில்லை. ஓர் ஆட்சியை அது கட்டியவற்றைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. கட்டாமல் விட்டவற்றையும் சேர்த்தே அறிய வேண்டும். கெட்டோ நினைவுச் சின்னத்தின் எதிரே இன்று போலந்து யூதரின் ஆயிரமாண்டு வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முழுக் காட்சிக்கூடம் 2014-இல் திறக்கப்பட்டது.

முரானூஃபின் தெருக்களில் நடந்தால், வீடுகள் நடைபாதையைவிட உயர்ந்து நிற்பதையும், வாயிலுக்குப் படி ஏறிச் செல்ல வேண்டியிருப்பதையும் காணலாம். அந்தப் படிகள் ஏறுவது இடிபாட்டின்மேல். மேலே சன்னலில் பூந்தொட்டி; முற்றத்தில் குழந்தைகள். இவ்வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் வெளியூர்களிலிருந்து வேலை தேடித் தலைநகருக்கு வந்தவர்கள். அவர்கள் யாரையும் விரட்டிவிட்டு இங்கே குடியேறவில்லை. கிடைத்த வீட்டில் குடியேறினார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு இதுவே சொந்த ஊர்.

சொந்த ஊரை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு இவர்கள் நிலை விளங்காததன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாம் வாழும் தெருக்களை நாம் அமைக்கவில்லை. நமக்காகவும் அவை அமைக்கப்படவில்லை. குடியேறியவனுக்கு முதல் தேவை கூரை. கூரை கிடைத்த பின், இந்த நிலத்தில் எனக்குமுன் இருந்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவன் கடமை.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். ஆட்சி விட்டுச் சென்ற கட்டடங்களை என்ன செய்வது? வார்ஸா அதற்கு ஒரே விடையைத் தரவில்லை. சிலையைப் பெயர்த்தது, கட்சி மாளிகையை வியாபாரத்துக்குத் தந்தது, பரிசு மாளிகையை முணுமுணுத்துக்கொண்டே தனதாக்கிக்கொண்டது, பேட்டையில் தொடர்ந்து குடியிருக்கிறது. வாழ்வுக்குப் பயன்படும் கட்டடத்தை, அதைக் கட்டியவர்மேலுள்ள கோபத்தால் இடிப்பது வீண். ஆனால் அதன்மேல் உண்மையை எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை. நூலின் மேலுள்ள வெற்றிடத்தை அப்படியே விட்டுவைத்திருப்பது நன்று. அங்கே ஒரு பெயர் இருந்தது என்பதையும், ஏன் நீக்கினார்கள் என்பதையும் கேட்கும் குழந்தைக்குச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். ஆவணங்களின் மூன்றாம் பகுதி எங்கோ ஒரு வீட்டின் அடியில் இன்னும் இருக்கலாம். அந்த வீட்டில் இருப்பவர்கள் அதை அறிந்து வாழ்வதே இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.